ஆளில்லாத கடை

கடைக்காரர் இல்லாமல் கடை நடத்த முடியுமா என்ற கேள்வியை அமெரிக்க தேசத்தார் நூறு வருஷங்களுக்கு மேலாக விடாமல் கேட்டுக் கொண்டு வருகிறார்கள். நமது தேசத்தில் இப்படி ஒரு கேள்வி யாருக்கும் தோன்றியிராது. இங்கே கடை என்றாலே கடைக்காரர்தான். செட்டியார் கடை, நாடார் கடை, பாய் கடை என்று மனிதரைச் சொல்லியே கடையைச் சொல்வது நமது வழக்கம். காதில் செருகிய பென்ஸிலை எடுத்து, பொட்டலக் காகிதத்தின் ஓரத்திலேயே கணக்கைப் போட்டு, நாம் பையைத் திறப்பதற்குள் மொத்தத்தையும் சொல்லி, பழைய பாக்கியையும் ஞாபகப்படுத்துவதற்கு ஓர் ஆள் வேண்டாமா? அந்த ஆளை நீக்கிவிட்டால் மிஞ்சுவது நாலு சுவரும் சில எலிகளுமே என்று நாம் நினைப்போம்.

அமெரிக்கர்கள் அப்படி நினைக்கவில்லை. 1916-ம் வருஷம் செப்டம்பர் மாதம் டென்னஸீ மாகாணத்து மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் ஸாண்டர்ஸ் என்பவர் ஒரு மளிகைக் கடை திறந்தார். கடையின் பெயர் "பிக்லி விக்லி". அதுவரையில் அந்த நாட்டிலும் நம் ஊரைப் போலத்தான். வந்தவர் பலகைக்கு இப்பால் நின்று கேட்பார், குமாஸ்தா அப்பால் நின்று எடுத்துத் தருவார். ஸாண்டர்ஸ் அந்தப் பலகையை எடுத்து எறிந்தார். வந்தவர் கையில் ஒரு கூடையைக் கொடுத்து, சுழல் கதவு வழியாக உள்ளே அனுப்பி, அலமாரி அலமாரியாகச் சுற்றி வரவிட்டு, வெளியே போகும் இடத்தில் பணத்தை வாங்கிக் கொண்டார். கடையின் வேலையில் பாதியை வாங்க வந்தவர் தலையிலேயே கட்டிவிட்டு, "சுய சேவை" என்று அதற்கு ஒரு கௌரவமான பெயரும் சூட்டியாயிற்று. இன்றைக்கு உலகத்திலுள்ள சூப்பர் மார்க்கெட்டுகள் எல்லாம் அந்த ஒரு கடையின் வம்ச பரம்பரைதான்.

1923-ல் பங்கு மார்க்கெட் சண்டையில் அந்தக் கம்பெனி அவர் கையை விட்டுப் போயிற்று. ஆசை மட்டும் போகவில்லை. 1937-ல் அதே நகரில் "கீடூஸில்" என்று வேறொரு கடையை ஆரம்பித்தார். "சாவியே சகலமும் செய்யும்" என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களை நசுக்கிச் செய்த பெயர் அது. கண்ணாடிக்குப் பின்னால் ஒவ்வொரு பண்டத்திலும் மாதிரிக்கு ஒன்று வைத்திருக்கும். வந்தவர் கையில் ஒரு சாவி. வேண்டிய பண்டத்தருகே உள்ள துவாரத்தில் சாவியைச் செருகிக் கொண்டே போனால், கடைசியில் எல்லாச் சாமான்களும் உள்ளேயிருந்து ஓடும் பட்டையின்மேல் ஊர்ந்து வந்து சேரும். கூட்டம் அதிகமானபோது யந்திரம் திணறிப் போயிற்று. 1949-ல் அந்த முயற்சி நின்றது. ஸாண்டர்ஸ் 1953-ல் காலமாகும் வரையில் இன்னொரு தானியங்கிக் கடைக்குத் திட்டம் போட்டுக் கொண்டே இருந்தாராம். இப்படிப்பட்ட பிடிவாதக்காரர்கள் நம் வகுப்பில் ஆண்டுக்கு ஒருவர் வருவதுண்டு. அவர்களை அடக்குவது பாவம்.

இதற்கிடையில் மயாமி கடற்கரையில் ஜோஸப் உட்லண்ட் என்ற இளைஞர் மணலில் விரல்களை ஊன்றித் தம் பக்கமாக இழுத்துக் கோடுகள் போட்டுக் கொண்டிருந்தார். சிறு பிராயத்தில் சாரணர் படையில் கற்ற தந்திக் குறிகளின் புள்ளியும் கோடும் அவர் மனத்தில் இருந்தன. அவற்றை அப்படியே கீழே நீட்டிவிட்டால் மெல்லிய கோடும் தடித்த கோடுமாக ஆகுமே, அதைக் கொண்டு ஒரு பண்டத்தின் அடையாளத்தை எழுதிவிடலாமே என்று தோன்றியது. அவரும் பெர்னார்ட் ஸில்வர் என்ற நண்பரும் 1949-ல் உரிமை கோரி மனுச் செய்து 1952-ல் பெற்றார்கள். நமது பாட்டன்மார் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்திலும் முதல் எழுத்து மணலிலேதான். ஆகையால் ஓர் உபாத்தியாயருக்கு இந்தக் கதையில் தனி ருசி இருப்பதை நேயர்கள் மன்னிக்க வேண்டும்.

மணல் கோடு கடைக்கு வந்து சேர இருபத்தைந்து வருஷம் ஆயிற்று. 1974-ம் வருஷம் ஜூன் 26-ந் தேதி, ஒஹையோ மாகாணத்து ட்ராய் என்னும் சிற்றூரில், அறுபத்தேழு சென்ட் விலையுள்ள ஒரு சூயிங்கம் கட்டுத்தான் முதன்முதலில் அந்த ஒளிக்கற்றையின் முன் காட்டப்பட்டது. அன்று முதல் பண்டத்தின் விலையைக் காஷியர் மனப்பாடம் செய்ய வேண்டிய சிரமம் ஒழிந்தது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பார்கோடு என்பது பண்டத்தின் நெற்றியில் எழுதி ஒட்டிய பெயர். யந்திரம் பெயரை வாசிக்கிறதே தவிர பண்டத்தைப் பார்க்கவில்லை. சோப்புக் கட்டியின் உறையை விறகுக் கட்டைக்குச் சுற்றிக் கொடுத்தால் அதையும் சோப்பு என்றே ஒப்புக் கொள்ளும். நெற்றியில் எழுத்தில்லாத கத்தரிக்காயைக் கண்டாலோ விழிக்கும்.

1980-களுக்குப் பின் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் காஷியரையும் எடுத்துவிட்டு, வந்தவரையே கணக்கும் போட்டுக் கொள்ளச் சொன்னபோது இந்தக் குறை நன்றாக வெளிப்பட்டது. நீங்கள் பிஸ்கோத்துப் பொட்டலத்தைக் காட்டினால் அதன் எடை யந்திரத்துக்குத் தெரியும்; பக்கத்துத் தட்டில் வைத்தவுடன் அத்தனை எடை ஏற வேண்டும். ஏறாவிட்டாலும், கைக்குட்டையைத் தவறுதலாக அங்கே வைத்துவிட்டாலும், "எதிர்பாராத பொருள் இருக்கிறது" என்று நாலு பேர் கேட்க அது கூச்சலிடும். யோக்கியமான மனிதரைத் திருடனைப் போல் விழிக்க வைப்பதற்கு இதைவிடச் சிறந்த உபாயம் கிடையாது. உண்மையான திருடரோ, விலை உயர்ந்த பழத்தைத் தட்டில் வைத்து, திரையில் வெங்காயத்தின் படத்தைத் தொட்டுவிட்டுச் சாவதானமாக வெளியே போனார். இங்கிலாந்தின் வடபகுதியில் கடைகள் வைத்திருக்கும் பூத்ஸ் என்ற பழைய நிறுவனத்தார் 2023-ல், இரண்டு கடைகள் நீங்கலாக மற்றவற்றிலிருந்து இந்த யந்திரங்களை எடுத்துவிடப் போவதாக அறிவித்தார்கள். உதிரிப் பழங்களையும் ரொட்டிகளையும் வாங்க வந்தவர்களே அடையாளம் கண்டு சொல்வது சிரமமாயிருக்கிறது என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. எந்த ஆப்பிள் எந்த ஜாதி என்று எல்லாருக்குமா தெரியும்?

ஆகவே, பெயரை வாசிக்கும் யந்திரம் போதாது. பண்டத்தைப் பார்த்து அறியும் யந்திரம் வேண்டும் என்று ஏற்பட்டது. இந்த வேலையை இருவகையாகச் செய்திருக்கிறார்கள். ஒன்று ஜப்பானில், மற்றொன்று அமெரிக்காவில்.

ஜப்பானிய விஷயத்தை முதலில் சொல்கிறோம். ஹ்யோகோ மாவட்டத்தில் நிஷிவாகி என்று நெசவுக்குப் பேர்போன ஓர் ஊர் இருக்கிறது. அங்கே நெசவாலைகளுக்கு வேண்டிய கணிப்பொறி வேலைகளைச் செய்து வந்த பிரெய்ன் என்ற சிறு கம்பெனியிடம் 2007-ல் ரொட்டிக் கடை வைக்க எண்ணியவர்கள் ஒரு கோரிக்கையுடன் வந்தார்கள். அந்நாட்டு ரொட்டிக் கடையில் வாங்குகிறவர் ஒரு தட்டும் இடுக்கியும் எடுத்துக்கொண்டு வேண்டியதைத் தாமே பொறுக்கி வருவார். காகிதத்தில் சுற்றாமல் வைத்தால் ரொட்டி நன்றாக விற்கிறது. வகைகள் கூடக் கூட இன்னும் நன்றாக விற்கிறது. ஆனால் சுற்றாத ரொட்டியில் பார்கோடு ஒட்டுவது எங்கே? காஷியராக வரும் பெண் நூறு வகை ரொட்டிகளின் பெயரையும் விலையையும் நெட்டுருப் போட வேண்டியிருந்தது. தட்டைப் பார்த்தவுடன் இன்னது இன்னது என்று சொல்லும் யந்திரம் செய்து தர முடியுமா என்று கேட்டார்கள்.

கேட்பதற்கு எளிது. ஒரே மாவு, ஒரே நிறம், ஒரே உருவம். உள்ளே இருக்கும் பூரணம் மட்டும் வேறு. அடுப்பில் சற்றுக் கூடுதலாக இருந்துவிட்டால் ஒரே ஜாதி ரொட்டி இரண்டும் அண்ணன் தம்பி போலக்கூட இராது. நிழல் விழுந்தால் உருவமே மாறிப் போகும். கம்பெனித் தலைவர் ஹிஸாஷி காம்பே என்பவர் சில பொறியாளர்களுடன் ஐந்து வருஷத்துக்கு மேல் இதிலேயே உழன்றார். நிழலை ஒழிப்பதற்காகத் தட்டு வைக்கும் மேஜையே கீழிருந்து ஒளிவிடும்படி செய்தார்கள். 2013-ல் "பேக்கரி ஸ்கான்" என்ற பெயருடன் அது விற்பனைக்கு வந்தது.

அதில் நம் மனத்தைக் கவர்ந்த அம்சம் ஒன்று உண்டு. தட்டிலுள்ள ஒவ்வொரு ரொட்டியையும் சுற்றித் திரையில் ஒரு கோடு விழுகிறது. நிச்சயமாகத் தெரிந்த ரொட்டிக்கு ஒரு நிறம். சந்தேகமுள்ளதற்கு வேறு நிறம். சந்தேக நிறம் வந்தால் காஷியர் பெண் பார்த்து, "இது இன்னது" என்று தொட்டுச் சொல்கிறாள். யந்திரம் அதைக் கற்றுக் கொள்கிறது. விடை தெரியாதபோது தெரியாதென்று கையைத் தூக்கும் மாணவன் எத்தனை அருமை என்பது எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். பின்னால் ஒரு வேடிக்கை நடந்தது. கியோட்டோ நகரத்து வைத்தியர் ஒருவர் 2017-ல் இந்த யந்திரத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தார். பூதக் கண்ணாடியில் புற்றுநோயின் அணுக்கள் ஏறக்குறைய இந்த ரொட்டிகளைப் போலத்தானே தெரிகின்றன என்று அவருக்குத் தோன்றிற்று. அதன் பயனாக ரொட்டி பார்த்த யந்திரத்தின் சந்ததி ஒன்று ரோக பரிசோதனையிலும் புகுந்தது.

இனி அமெரிக்க விஷயம். 2018-ம் வருஷம் ஜனவரி 22-ந் தேதி, ஸியாட்டில் நகரில் அமேஸான் கம்பெனியார் "அமேஸான் கோ" என்ற கடையைப் பொது ஜனங்களுக்குத் திறந்துவிட்டார்கள். வாசலில் செல்போனைக் காட்டி உள்ளே நுழைய வேண்டும். வேண்டியதை அலமாரியிலிருந்து எடுத்துப் பையில் போட்டுக் கொள்ள வேண்டும். பிறகு? பிறகு ஒன்றுமில்லை; வீட்டுக்குப் போக வேண்டியதுதான். காஷியர் கிடையாது, பலகை கிடையாது, வரிசை கிடையாது. சற்று நேரத்தில் பில் செல்போனுக்கு வந்து சேரும். விட்டத்தில் நூற்றுக்கணக்கான காமிராக்கள். அலமாரித் தட்டுக்களில் எடை உணரும் கருவிகள். எந்தக் கை எதை எடுத்தது, எதைத் திரும்ப வைத்தது என்பதையெல்லாம் கணிப்பொறி தானே அறிந்து கொள்ளும் என்றார்கள். வரிசையில் நிற்பதை ஒழிக்க வந்த அந்தக் கடைக்குள் நுழைவதற்கு முதல் நாள் ஜனங்கள் தெருவில் வரிசையாக நின்றது மட்டும் கணிப்பொறியின் குற்றமல்ல.

உலகம் மூக்கின்மேல் விரலை வைத்தது. நாமும் வைத்தோம். கல்யாண வீட்டுப் பந்தியில் யார் இலையில் எத்தனை ஜாங்கிரி விழுந்தது என்பதைப் பரிசாரகர்களே கணக்குச் சொல்ல முடியாதபோது, ஒரு யந்திரம் இத்தனை கைகளையும் பின்தொடர்கிறதென்றால் சாமானியமா? ஒருவர் முதுகு இன்னொருவர் கையை மறைக்கும். குழந்தை ஒன்றை எடுத்து வேறோரிடத்தில் வைத்துவிடும். தாயார் எடுத்ததை மகன் வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக் கொள்வான்.

2024-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில், அமேஸான் கம்பெனியார் தங்களுடைய பெரிய மளிகைக் கடைகளிலிருந்து இந்த ஏற்பாட்டை எடுத்துவிடப் போவதாகச் செய்தி வந்தது. அதே சமயத்தில் "தி இன்பர்மேஷன்" என்ற பத்திரிகை வேறொரு சங்கதியையும் வெளியிட்டது. இந்தக் கடைகளின் விற்பனையைச் சரிபார்ப்பதற்கென்று இந்தியாவில் ஆயிரம் பேருக்கு மேல் வேலை செய்து வந்தார்களாம். 2022-ல் ஆயிரம் விற்பனைக்கு எழுநூறு வரையில் அவர்கள் பார்வைக்கு வந்ததாம். கம்பெனியார் இதை மறுத்தார்கள். அந்த ஊழியர்களின் முக்கிய வேலை படங்களில் குறியிட்டு யந்திரத்துக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது, யந்திரத்தால் முடிவு செய்ய இயலாத சிறு பகுதியைத்தான் அவர்கள் பார்த்துச் சரி செய்கிறார்கள் என்றார்கள். எழுநூறா, சிறு பகுதியா என்ற வழக்கில் தீர்ப்புச் சொல்ல நாம் யார்? ஆனால் ஆட்கள் இருந்தார்கள் என்பதில் இரு கட்சியாருக்கும் பேதமில்லை. பழைய கதையில் இந்திரனுக்கு ஆயிரம் கண். ஸியாட்டில் கடைக்கு, பத்திரிகைக் கணக்குப்படி, இரண்டாயிரம்.

ஐரோப்பாவில் இதற்கு ஒரு முன்னோடி உண்டு. 1770-ல் வியன்னா நகரத்து அரசவையில் கெம்பலன் என்பவர் சதுரங்கம் ஆடும் ஒரு பொம்மையைக் கொண்டு வந்து வைத்தார். துருக்கியனைப் போல் தலைப்பாகை கட்டியிருக்கும். பெட்டியின் கதவுகளைத் திறந்து சக்கரங்களைக் காட்டி மூடுவார். பொம்மை ஆட ஆரம்பிக்கும். நெப்போலியன்கூட 1809-ல் அதனுடன் ஆடித் தோற்றான். பெட்டிக்குள்ளே ஒரு மனிதர் குறுகி உட்கார்ந்திருந்தார் என்பது பிற்பாடு ஊரறிந்த ரகசியமாயிற்று. 2005-ல் அமேஸான் கம்பெனியார், யந்திரத்தால் செய்ய முடியாத சில்லறை வேலைகளைத் தூர தேசத்து மனிதர்களைக் கொண்டு செய்விக்க ஒரு ஏற்பாட்டை ஆரம்பித்து, அதற்கு இந்தத் துருக்கியனின் பெயரையே வைத்தார்கள். அந்த மட்டில் அது யோக்கியமான காரியம். ஸியாட்டில் கடையின் பெயர்ப் பலகையில் அந்த யோக்கியம் இருக்கவில்லை.

யந்திரமே வேண்டாம் என்று சொல்ல வந்தோம் என்று நேயர்கள் எண்ணக் கூடாது. நம் தெருவில் கீரை விற்கும் அம்மாளின் கூடையில் ஒரு கட்டம் போட்ட அட்டை தொங்குகிறது. 2016-ல் யு.பி.ஐ. வந்த பிறகு வந்த வரவு அது. பணம் அனுப்பினால் பக்கத்திலிருக்கும் சிறு பெட்டி இத்தனை ரூபாய் வந்தது என்று தமிழிலேயே உரக்கச் சொல்கிறது. எண்ணத் தெரியாதவரும் ஏமாற வேண்டியதில்லை. கீரைக்காரி கீரைக்காரியாகவே இருக்கிறாள். கொசுறாகக் கறிவேப்பிலையும் கிடைக்கிறது.

நம்மிடம் படித்த பெண் ஒருத்தி வாழப்பாடியிலிருந்து தினம் பஸ் ஏறிச் சேலத்தில் ஓர் ஆபீசுக்குப் போய் வருகிறாள். பி.எஸ்ஸி. தேறியவள். போன மாதம் ஒரு கல்யாணத்தில் சந்தித்தபோது என்ன உத்தியோகம் என்று விசாரித்தோம்.

"படத்திலே பெட்டி போடுகிற வேலை, ஸார்" என்றாள்.

நமக்கு விளங்கவில்லை. அவள் பொறுமையாக விளக்கினாள். அயல் நாட்டுக் கடைகளின் படங்கள் வரும். அலமாரி, கை, பை. ஒவ்வொரு பண்டத்தையும் சுற்றிக் கட்டம் இழுத்து இன்னது என்று குறிக்க வேண்டும். கை மறைத்திருந்தால் முன்னும் பின்னும் பார்த்து யூகிக்க வேண்டும். தவறு கணக்கு வைக்கிறார்கள். தவறு கூடினால் ஊக்கத்தொகை குறையும். எந்த தேசத்துக் கடை, யாருடைய கடை என்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்களாம். அவள் வாயில் வைத்தறியாத பதினாறு வகைத் தயிர்க் கிண்ணங்களை மூடியின் ஓரத்தைக் கொண்டே அவளால் பிரித்துச் சொல்ல முடியும். ஆப்பிளில் மட்டும் ஏழெட்டு ஜாதி தெரியுமாம்.

"எதும்மா கஷ்டம்?" என்று கேட்டோம்.

"குழந்தைங்க கை, ஸார். பொத்திப் பிடிச்சுக்கும். மிட்டாயா, சாவிக்கொத்தான்னு தெரியவே தெரியாது."

சம்பளம் போதுமா என்று கேட்டதற்கு, தம்பியின் காலேஜ் சம்பளத்தை அவள்தான் கட்டுவதாகச் சொன்னாள். வீட்டிலிருந்து போய் வரும் தூரத்தில், மின்விசிறியின் கீழே உட்கார்ந்து செய்யும் வேலை. இதை இழிவென்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. மிஷின் நன்றாகக் கற்றுக் கொண்டால் இந்த வேலை இராதே என்ற கவலை அவளுக்கே இருக்கிறது. "நாங்க ஒழுங்கா சொல்லிக் கொடுக்கக் கொடுக்க எங்களுக்கு வேலை குறையும், ஸார்" என்றாள். உபாத்தியாயரின் கதியும் கிட்டத்தட்ட அதுதான் என்று சமாதானம் சொல்ல வாயெடுத்து அடக்கிக் கொண்டோம். நமக்கு அடுத்த ஜூனில் வேறு பிள்ளைகள் வருவார்கள்.

நமது வருத்தம் வேறு. ரொட்டிக் கடையில் சந்தேக நிறம் விழுந்தால், தீர்த்து வைக்கும் பெண் தட்டுக்கு எதிரிலேயே நிற்கிறாள். வாங்குகிறவர் அவளைப் பார்த்து ஒரு வார்த்தை வந்தனம் சொல்லலாம். ஆளில்லாத கடையில் சந்தேகம் வந்தால் அது கடல் தாண்டிப் போய் ஒருத்தியின் மேஜையில் விழுகிறது; கடையிலிருப்பவருக்கு அப்படி ஒருத்தி உண்டென்பதே தெரியாது. தெரியாமலிருப்பதுதான் அங்கே விற்கப்படும் சரக்கு. சுதேசி இயக்கத்தின்போது நம் பெரியோர்கள் துணியைக் கையில் எடுத்தவுடன் இதை நெய்தவர் யார், எந்த ஊரில் என்று கேட்கக் கற்றுக் கொடுத்தார்கள். துணிக்குக் கேட்ட கேள்வியைக் கணக்குக்கும் கேட்டாலென்ன?

ஆகையால் ஒரு யோசனை சொன்னோம். பெட்டியின் மேல், டப்பாவின் மேல், செருப்பின் அடியில்கூட எந்த தேசத்தில் செய்தது என்று அச்சிடுகிறார்கள். பில்லின் அடியிலும் ஒரு வரி அச்சிடலாம்: இந்தக் கணக்கை யந்திரத்துடன் கூட இன்ன தேசத்தில், இன்ன ஊரில், இத்தனை பேர் பார்த்தார்கள் என்று. மைச்செலவு அதிகமாகாது. வரிக்கும் வட்டத்துக்கும் பில்லில் இடமிருக்கும்போது இதற்கு இடமில்லாமற் போகாது.

அந்தப் பெண் சிறிது நேரம் யோசித்தாள்.

"எங்க பேரெல்லாம் போட வேண்டாம், ஸார். வீட்டிலே திட்டுவாங்க."

"ஊர்ப் பேரைப் போடலாமா?"

"போடலாம்" என்றவள் சிரித்துவிட்டாள். "ஆனா வாழப்பாடின்னு போட்டா, படிக்க அவங்களுக்கு வாயிலே வரணுமே, ஸார்!"